உளவியல் படிக்க வரும் எமது பிள்ளைகள்: சொல்லும் காரணமும் சொல்லாத காரணமும்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு வருடமும் எமது பேஸ்புக் பக்கங்களிலும் ஊர் வட்ஸ்அப் குழுமங்களிலும் இரண்டு வகையான பதிவுகள் நிறைந்துவிடும். ஒன்று, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானவர்களை வாழ்த்தும் பதிவு. மற்றது, தெரிவாகாதவர்களைக் குறிவைத்த தனியார் கல்வி நிறுவனங்களின் விளம்பரம். அண்மைக் காலமாக இந்த விளம்பரங்களில் கணினிக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் உளவியலும் உளவளத்துணையும் நிரந்தரமாக இடம்பிடித்துள்ளன. ஆறு மாதச் சான்றிதழ், ஒரு வருட டிப்ளோமா, சூம் வகுப்பு, பெண்களுக்குத் தனிப்பிரிவு. "எந்தப் பிரிவில் உயர்தரம் எழுதியவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்ற வரி மட்டும் எதிலும் தவறுவதில்லை.

பிள்ளைகளும் சேர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளிடம் என்னவாக வர விருப்பம் என்று கேட்டால் டொக்டர், டீச்சர், லோயர் என்று வந்துகொண்டிருந்த பதில்களுக்கு இடையில் இப்போது "சைக்கோலொஜிஸ்ட்" என்ற சொல்லும் வருகிறது. பத்து வருடங்களுக்கு முன்னர் எமது ஊர்களில் அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதை ஒரு மோகம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கொரியத் தொடரும் இன்ஸ்டாகிராமும் பார்த்துக் கெட்டுப்போன பிள்ளைகளின் ஆசை என்று ஆசிரியர் அறையிலேயே சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மோகத்துக்காக ஒரு வருடம், இரண்டு வருடம் யாரும் கட்டணம் செலுத்துவதில்லை. அதுவும் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், மாதக் கட்டணத்துக்காக உம்மாவின் வளையல் வங்கிக்குப் போகும் வீடுகளில்.

முதலில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். எமது நாட்டின் உயர்தரப் பாடத்திட்டத்தில் உளவியல் என்றொரு பாடமே கிடையாது. அளவையியல் இருக்கிறது, அரசியல் விஞ்ஞானம் இருக்கிறது, உளவியல் இல்லை. இரசாயனவியல் படிக்க விரும்பும் பிள்ளை பதின்மூன்றாம் ஆண்டு வரை இரசாயனவியலோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் விரும்புகிறது. உளவியலை விரும்பும் பிள்ளையோ அந்தப் பாடத்தின் ஒரு பக்கத்தையும் பார்க்காமல் விரும்புகிறது. அப்படியானால் அது விரும்புவது பாடத்தை அல்ல. வேறு எதையோ.

சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. அவை பொய்யானவையும் அல்ல. பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுபவர்களில் பெரும்பான்மையினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இஸட் புள்ளி கைவிட்ட உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கு வெள்ளை அங்கியின் வாசனையோடு எஞ்சியிருக்கும் கதவு இது. "டொக்டராக முடியாவிட்டாலும் மனசுக்கு டொக்டர்" என்று ஒரு தகப்பன் என்னிடம் சொன்னார். உளவியலாளர் வேறு, உளமருத்துவர் வேறு என்பதை விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. உளமருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் முடித்து, அதற்கு மேல் அத்துறையில் சிறப்புப் பயிற்சி பெற்று, மருந்து எழுதக்கூடியவர். உளவியலாளர் மருந்து எழுத முடியாது. அவருடைய கருவி பேச்சும், கேள்வியும், சோதனைகளும்தான். தகப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப போர்டு போடலாம்தானே டீச்சர்?" என்றார்.

இரண்டாவது காரணம் பெண் பிள்ளைகளுக்கு உரியது. இரவுக் கடமை இல்லை, தூர இடத்துக்குப் போக வேண்டியதில்லை, பெண் பெண்ணிடம் பேசும் தொழில், திருமணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தும் செய்யலாம். வரப்போகும் மாமியார் வீட்டை முன்கூட்டியே சமாதானப்படுத்தும் பட்டியல் இது. ஆனாலும் இதற்குள் ஓர் உண்மையான தேவையும் இருக்கிறது. எமது பெண்கள் தமது வீட்டு விடயத்தை ஓர் ஆணிடம், அதிலும் அந்நிய ஆணிடம், மனம் திறந்து சொல்வது அரிது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அங்கு தமிழ் பேசும், எமது வீட்டின் உள்கட்டமைப்பு தெரிந்த ஒரு பெண் அமர்ந்திருந்தால் வருபவர்களின் தொகையே மாறும்.

இந்த இரண்டு காரணங்களோடு நின்றுவிட்டால் கணக்கு முடிந்தது போலத் தோன்றும். சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது.

உயர்தரம் எழுதிவிட்டு இருந்த ஒரு மாணவி உளவியல்தான் படிப்பேன் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தாள். தாய் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். "ஏன் இந்தப் பாடம்?" என்று கேட்டேன். "மனிசர விளங்கிக்கொள்ள விருப்பம் டீச்சர்" என்றாள். இது எல்லோரும் சொல்லும் பதில். "எந்த மனிசர?" என்று சும்மா கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், தாய் வெளியே போன பிறகு சொன்னாள்: "எங்கட வாப்பாவ."

வாப்பா நல்ல மனிதர். ஐந்து நேரத் தொழுகையாளி, உழைப்பாளி. ஆனால் வருடத்தில் சில வாரங்கள் யாருடனும் பேசமாட்டார். இரவில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் பிள்ளைகளைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டு விளக்கை அணைப்பார். 1990 ஆகஸ்டில் அவருக்குப் பத்து வயது. அந்த மாதத்தில்தான் அவருடைய வாப்பா ஷஹீதானார். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லப்படாத அந்த மிச்சத்தைத் தேடித்தான் அவள் ஒரு பட்டப்படிப்பைக் கேட்கிறாள்.

இப்படி ஒரு பிள்ளை அல்ல. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தொழுகையில் கொல்லப்பட்டதும், ஏறாவூரில் நடந்ததும், அதே வருடம் ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விரட்டப்பட்டதும் ஒரு தலைமுறையின் சிறுபராயத்தில் நிகழ்ந்தவை. அந்தச் சிறுவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கும் பெற்றோர். அதன் மேல் 2004 சுனாமி. அம்பாறை மாவட்டக் கரையோரம் இழந்த உயிர்களின் தொகையை வேறெந்த மாவட்டமும் இழக்கவில்லை. அளுத்கம 2014இல், திகன 2018இல். 2019 ஏப்ரலில் எமது பெயரைச் சொல்லிச் சிலர் செய்த படுகொலை, அதன் பிறகு பாடசாலை வாசலில் பர்தாவைக் கழற்றச் சொல்லப்பட்ட ஆசிரியைகள், மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் எரிந்த கடைகள். கொரோனாக் காலத்தில் பிறந்து இருபதே நாளான குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய வழி கிடைக்கும் வரை, வயோதிபர்கள் மௌத்தைவிட நெருப்புக்குப் பயந்துகொண்டிருந்தார்கள்.

ஒவ்வொன்றுக்குப் பிறகும் கூரைத் தகடு எத்தனை, கடை எத்தனை, நஷ்டஈடு எவ்வளவு என்று கணக்கெடுத்தோம். அதுவும் தேவைதான். தூக்கம் இழந்தவர்களின் கணக்கை எந்தப் பள்ளிவாசல் நிர்வாகமும் எடுத்ததாக எனக்குத் தெரியாது.

பேசப்படாத வீட்டில் வளரும் பிள்ளை, அந்த மௌனத்துக்கு ஒரு பெயர் தேடுகிறது. அந்தப் பெயர் பாடநூலில் இருக்கும் என்று நம்புகிறது. ஏன் பாடநூலில் தேட வேண்டும், வைத்தியசாலைக்குப் போகலாமே என்று கேட்கலாம். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். ஆனால் எமது ஊரில் "அங்கொட" என்பது ஓர் இடத்தின் பெயரல்ல, வசைச்சொல். மனநலப் பிரிவின் வாங்கில் ஒரு குமர்ப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள் என்ற செய்தி அஸருக்கு முன்னர் ஊரைச் சுற்றிவிடும். தங்கச்சிமாரின் கலியாணமும் அத்தோடு நிற்கும். அதே பிள்ளை "சைக்கோலொஜி படிக்கிறா" என்றால் மதிப்பு. நோயாளியாகப் போக முடியாத வாசலுக்குள் மாணவியாகப் போகலாம். என் கணிப்பில், எமது பெண் பிள்ளைகள் இந்தப் பாடத்தைத் தெரிவு செய்வதற்குப் பின்னால் உள்ள மிகப் பெரிய காரணம் இதுதான். உதவி கேட்க வழியில்லாத பிள்ளை, உதவி செய்பவளாக மாறும் படிப்பைக் கேட்கிறாள்.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் என்ற பெயரில் எரிக்சனின் எட்டுப் பருவங்களையும் பரீட்சைக்கு மனனம் செய்தோம். இளம்பராயத்தின் 'அடையாள நெருக்கடி' பற்றி அவ்வளவு ஆழமாக எழுதிய அந்த மனிதருக்குத் தன்னைப் பெற்ற தகப்பன் யாரென்றே தெரியாது, எரிக்சன் என்ற பெயரையும் அவர் வளர்ந்த பிறகுதான் சூட்டிக்கொண்டார் என்பதை எந்த விரிவுரையாளரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பாடம் வேறு மாதிரி மனதில் பதிந்திருக்கும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நோயாளர்களுக்கான சிகிச்சை முறையொன்றை உருவாக்கி உலகப் புகழ் பெற்ற அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், இளவயதில் தானும் அப்படி வைத்தியசாலையில் அடைபட்டிருந்தவர்தான் என்பதை 2011இல் பகிரங்கமாகச் சொன்னார். காயம்தான் பலரை இந்தத் துறைக்கு அழைத்து வருகிறது.

ஆனால் லினஹான் காயத்தோடு நேரே கதிரையில் போய் உட்காரவில்லை. இடையில் நீண்ட படிப்பும் ஆய்வும் இருந்தன. பிறருக்கு உளப்பகுப்பாய்வு செய்யப்போகிறவர் முதலில் தானே அதற்கு உட்பட வேண்டும் என்று வற்புறுத்தியவர் கார்ல் யுங். இன்றும் பல நாடுகளின் பயிற்சி நெறிகளில் மாணவரே சிகிச்சை நாற்காலியில் உட்கார வேண்டிய மணித்தியாலங்கள் உண்டு. எமது வார இறுதி டிப்ளோமாவில் அப்படி எதுவும் இல்லை. பிராய்டின் மூன்று சொற்கள், மாஸ்லோவின் முக்கோணம், பவ்லோவின் நாய், ஓர் ஒப்படை, பட்டமளிப்பு அங்கியில் ஒரு படம். தன் வாப்பாவை விளங்கிக்கொள்ள வந்த பிள்ளை, அவரைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே சான்றிதழோடு வீட்டுக்குப் போகிறது. அடுத்த மாதம் பேஸ்புக்கில் தனது பெயருக்கு முன்னால் 'உளவளத்துணையாளர்' என்று போட்டுக்கொள்கிறது.

அதைத் தடுக்க யாருமில்லை என்பதுதான் விடயம். நோயாளருக்குச் சிகிச்சையளிக்கும் உளவியலாளராக முறையாகப் பணியாற்ற, இந்நாட்டில் அத்துறையில் பட்டமேற்படிப்பும் மருத்துவ சபையின் பதிவும் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் நடத்தும் முதுதத்துவமாணி நெறி அதற்கான வழிகளில் ஒன்று. அங்கு மேற்பார்வையின் கீழ் நோயாளர்களோடு வேலை செய்தே ஆக வேண்டும். ஆனால் 'கவுன்சலர்' என்ற பெயரை யாரும் போடலாம். பெயர்ப் பலகை போட ஊர்ச் சபைக்குக் காசு கட்டினால் போதும். மனநோயாளர் தொடர்பாக எமது நாட்டில் இன்னும் நடைமுறையில் உள்ள அடிப்படைச் சட்டம் 1873இல் பிரித்தானியர் கொண்டுவந்தது என்றால் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

பாதிக்கப்படுவது யார்? கணவனின் அடி தாங்க முடியாமல் ஒரு பெண் வருகிறாள். கேட்டுக்கொண்டிருப்பவள் அந்தக் கணவனின் பெரியம்மா மகள். எமது ஊர்களில் உறவு இல்லாதவர் யார்? ரகசியம் காப்பது ஒழுக்கம் மட்டுமல்ல, பயிற்சியால் வரும் ஒரு தொழில்திறன். அது இல்லாத இடத்தில் சொல்லப்பட்ட விடயம் ஒரு கிழமையில் கலியாண வீட்டுச் சாப்பாட்டுச் சஹனுக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பெண் மட்டுமல்ல, அதைக் கேள்விப்பட்ட பத்துப் பெண்கள் ஆயுளுக்கும் வாய் திறக்கமாட்டார்கள்.

நல்ல மனம் இருந்தால் போதும், கனிவாக நான்கு வார்த்தை பேசினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் உலகின் உச்சத்தில் நின்றது. பிறகு அது பாதிக்கும் கீழாக இறங்கியது. அதற்குப் பிரதான காரணமாக ஆய்வாளர்கள் காட்டுவது அறிவுரைகளை அல்ல, கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதை. யார், எப்போது, எதைக் குடித்து இறக்கிறார்கள் என்று பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்களின் வேலை அது. உளவியலும் இப்படிப்பட்ட எண்ணிக்கையின் மேல் நிற்கும் பாடம்தான். மனதை வாசிக்கும் வித்தை என்று நினைத்துப் பட்டப்படிப்பில் சேரும் பிள்ளைகள் முதலாம் வருடத்திலேயே புள்ளிவிபரவியலைக் கண்டு திகைப்பதற்கு இதுதான் காரணம். சேரு முன்னர் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மார்க்கத்தின் பெயரால் எழும் தயக்கத்தையும் தொட வேண்டும். ஈமான் பலமாக இருந்தால் மனச்சோர்வு வராது என்று மிம்பரில் சொல்லப்படுவதுண்டு. யூசுப் நபியைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபியின் (அலை) கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆனில் ஓதுகிறோம். அவருடைய ஈமானில் என்ன குறை? உடலுக்கு நோய் வருவது போல உள்ளத்துக்கும் வரும், அதற்கும் வைத்தியம் வேண்டும் என்று பத்தாம் நூற்றாண்டுக்குள்ளேயே தனி நூல் எழுதியவர் அபூ ஸைத் அல் பல்கி. மேற்கத்தியக் கோட்பாடுகளை முஸ்லிம் உளவியலாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதைக் கண்டித்த சூடானியப் பேராசிரியர் மாலிக் பத்ரியே அந்த நூலின் ஒரு பகுதியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கண்டித்தவர் துறையை விட்டு ஓடவில்லை, ஆயுள் முழுவதும் உளவியலாளராகவே இருந்தார். ஓதிப்பார்ப்பவரிடம் போகும் கூட்டத்தைப் பரிகசித்துப் பயனில்லை. அவராவது உட்கார வைத்துக் கேட்கிறார். கேட்டுவிட்டு "இது வைத்தியசாலைக்குரியது" என்று அனுப்பிவைக்கும் மௌலவிமாரும் எமது பிரதேசத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு டிப்ளோமாவும் படித்தவர்களல்லர்.

ஆண் பிள்ளைகள் எங்கே? ஐஸ் போதைப்பொருள் எமது ஊர்களுக்குள் வந்த பிறகு, வீட்டுப் பொருட்களை விற்கும், தாயை அடிக்கும், பிறகு அழும் பையன்களைப் பற்றிப் பேசாத பள்ளிவாசல் கூட்டம் இல்லை. அந்தப் பையன்களோடு இருந்து கதைக்க எத்தனை ஆண்கள் பயின்றிருக்கிறார்கள்? உளவியல் வகுப்புகளில் ஆண்களை விரலில் எண்ணலாம். அது பெண் பிள்ளைகளின் படிப்பு என்று முடிவாகிவிட்டது. பையன் மனசு சரியில்லை என்று சொன்னாலே "ஆம்புள மாதிரி இரு" என்பது பதில். உணர்ச்சியைப் பற்றிப் பேசும் பாடத்தை அவன் எப்படித் தெரிவு செய்வான்? சொல்லாத காரணம் பெண்ணுக்கு ஒரு வாசலைத் திறக்கிறது என்றால், ஆணுக்கு அந்த வாசலும் இல்லை.

எமது பிள்ளைகளிடம் மட்டுமே இருக்கும் ஒன்றும் இருக்கிறது. மொழி. எமது வீட்டு உம்மாமார் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "கல்புக்குள்ள ஒரு மாதிரி", "நெஞ்சு பத்துது", "கை கால் உழையுது", "கண்ணூறு பட்டிட்டு" என்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் படித்து, சிங்களத்தில் பயிற்சி பெற்ற ஒரு நல்ல நிபுணருக்கு மொழிபெயர்ப்பாளர் மூலம் இது "நெஞ்சு வலி" என்று போய்ச் சேரும். ஈசிஜி எடுத்து அனுப்புவார். "நெஞ்சு பத்துது" என்ற சொல்லுக்குள் மகன் கட்டாருக்குப் போய் மூன்று மாதமாகப் பேசாதது இருக்கிறது என்பதை எமது ஊர்ப் பிள்ளை ஒரு நொடியில் பிடிப்பாள். அவளுக்கு மிச்சப் படிப்பைக் கொடுத்தால் போதும்.

மிச்சப் படிப்புக்குத்தான் காசு. திறந்த பல்கலைக்கழகத்தில் உளவியலில் சிறப்புப் பட்டம் இருக்கிறது, பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கலாம். அதற்கு மேல் கொழும்பில் தங்கி, ஆங்கிலத்தில், வருடக்கணக்கில் பட்டமேற்படிப்பு. ஆகவே கட்டணம் செலுத்த முன்னர் பெற்றோர் அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, மேற்பார்வையோடு எத்தனை மணித்தியாலம் உண்மையான மனிதர்களோடு வேலை செய்ய வேண்டும், இதை வைத்து அடுத்த படிக்குப் போக முடியுமா. பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் காசைக் கட்டாமல் எழும்பி வருவது நல்லது. பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். நான் கேட்ட அதே கேள்விதான்: எந்த மனிதரை விளங்கிக்கொள்ள? பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தால், முதலில் வேண்டியது விண்ணப்பப் படிவம் அல்ல. வாப்பாவும் மகளும் சேர்ந்து, தெரிந்தவர் இல்லாத வேறோர் ஊரின் வைத்தியசாலைக்கு ஒரு நாள் போய்வரலாம். அதன் பிறகும் படிக்க வேண்டும் என்று தோன்றினால் அவள் நன்றாகப் படிப்பாள்.

எமது பைத்துஸ் ஸகாத் நிதியங்களும் வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்களும் வருடாவருடம் புலமைப்பரிசில் வழங்குகின்றன. நான் பார்த்த விண்ணப்பப் படிவங்களில் மருத்துவம், பொறியியல், சட்டம், முகாமைத்துவம் என்று கட்டங்கள் இருக்கின்றன. உளவியல் 'ஏனையவை'க்குள். ஊருக்கு ஒரு பெண், ஒரு ஆண் என்று இருவரைத் தெரிந்து, பட்டத்திலிருந்து மருத்துவ சபைப் பதிவு வரை ஏழெட்டு வருடங்கள் தாங்குவதற்கு ஆகும் செலவு, நோன்பு மாதத்தில் எமது ஊர்களில் வைக்கப்படும் இப்தார் விருந்துகளில் சிலவற்றைவிட அதிகமாக இருக்காது. படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுவதற்கோ எந்தச் செலவும் இல்லை.